பாடத்தின் பெயரை மிஸ் சொல்லக் கூடாது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஹாஸ்டல் கொடியில் போட்ட துணி இரண்டாம் நாளாக ஈரம். புதன்கிழமை நான் எடுக்கவேண்டிய பாடம் ஆவியாதல். நல்ல பொருத்தம்.

புதன்கிழமைதான் பி.எட். கடைசிப் பாடத் தேர்வு. பயிற்சிப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பீரியட் எடுக்கவேண்டும். வேறு கல்லூரியிலிருந்து எக்ஸ்டர்னல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடுவார். இதில் போனால் மற்ற தாளில் எவ்வளவு வாங்கினாலும் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் டி.இ.டி. (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணினாலும் வேலை இல்லை. ஒரு வருஷம் போச்சு.

இன்று முடிக்கவேண்டியவை:
— லெஸன் பிளானில் மேடம் கையெழுத்து
— சார்ட். பின் பெஞ்சுக்கும் தெரிகிற எழுத்தில்
— ஸ்பிரிட், பஞ்சு
— புடவைக்கு ஃபால்ஸ். புடவை கட்டினால்தான் வகுப்பு. சுடிதார் போட்டால் அறிவியல் மாறிவிடுமோ என்னவோ.

மேடம் (எங்கள் வழிகாட்டி) பிளானை மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்தார். காரணம், பாடத்தின் பெயரை நானே சொல்வதாக எழுதியிருந்தேன். சொல்லக் கூடாதாம். "அஞ்சு கேள்வி கேளு. அஞ்சாவதுல பேரு பிள்ளைங்க வாயில இருந்து வரணும். நீ போர்டுல எழுதணும். அவ்வளவுதான்." (சொன்னது கன்னடத்தில். மைசூரில் வகுப்பும் கன்னடத்தில்தான்.)

யார் ஆரம்பித்த சடங்கு இது? கல்யாணத்தில் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்து மாப்பிள்ளை பெயரைச் சொல்லவைப்பது மாதிரி.

இன்னொரு வேடிக்கை. பிளானில் வலது பக்கம், பிள்ளைகள் என்ன பதில் சொல்வார்கள் என்று நானே முன்கூட்டி எழுதவேண்டும். எழுதினேன். என் பிள்ளைகள் எல்லோரும் மகா புத்திசாலிகள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

லேசான வெயில். கையெழுத்துக் கிடைத்தது!!

கேன்டீனில் வித்யாவுடன் காபி. கூடப் படிக்கிறவள். அக்ரஹாரத்தில் சொந்த வீடு, இரண்டு தலைமுறைக்கு முன்னால் ரயில்வே வேலைக்காக மைசூர் வந்த குடும்பம். பாதி பேச்சு கன்னடம்தான்; "டீ" போடுகிற இடத்தில் "கணே".

வி. கேட்டாள்: "அஞ்சு கேள்வி கேட்டும் ஒருத்தரும் வாயே தொறக்கலேன்னா என்ன பண்ணுவே?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. கல்லூரியில் பாடம் எடுத்துப் பழகும்போது நம் கூட்டாளிகளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகளாக உட்காருவார்கள். எல்லாப் பதிலும் தெரியும், நம் மேல் இரக்கமும் உண்டு.

"இன்னிக்கே போய் அதே பாடத்தை ஒரு தடவை எடுத்துட்டு வந்துடு கணே. நாளைக்குப் படபடன்னு சொல்லுவாங்க."

"மோசம் இல்லையா அது?"

"ரிஹர்சல் அஷ்டே, அவ்வளவுதான். எல்லாரும் பண்றதுதான்."

மதியம் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியர் சிரித்துக்கொண்டே பீரியடைக் கொடுத்தார். எத்தனை பேரைப் பார்த்திருப்பார். முதலில் மௌனம், அப்புறம் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெண்: "கொதிக்காத தண்ணி எப்படி மிஸ் ஆவியாகும்?" நல்ல கேள்வி. பிளானில் இல்லை. அப்புறம் பார்க்கலாம் என்றேன். கிளம்பும்போது, நாளை ஒரு சார் வருவார், நன்றாகச் சொல்லுங்கள் என்றும் சொல்லிவைத்தேன். "ஆகட்டும் மிஸ்!" என்று கூரை அதிர்ந்தது.

சாயங்காலம் எங்கள் ஊர் ஹனூரிலிருந்து அம்மா போன்.

"நாளைக்குப் பரிச்சைன்னியே கண்ணு, பயமா இருக்குதா?"

"இல்லைம்மா."

"அப்பறம் ஏன் கொரலு இப்படி இருக்குது?"

எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

ஆகஸ்ட் 6, புதன்

மழை. போச்சு. எல்லாம் போச்சு.

எழுதிவிடுகிறேன், அழுவது அப்புறம்.

எக்ஸ்டர்னல் வந்தார். நரைத்த மீசை, சொட்டுகிற குடை, கடைசி பெஞ்சு. சார்ட்டை மாட்டினேன். முதல் கேள்வி: "துவைத்த துணியை எங்கே போடுவோம்?" பிளான்படி பதில்: கொடியில்.

வகுப்பு மொத்தமும் எழுந்து: "ஆவியாதல், மிஸ்!"

அன்புதான். எனக்கு உதவி செய்கிறார்களாம். வேறென்ன செய்ய, இரண்டாவது கேள்வியைக் கேட்டேன். அதற்கும் "ஆவியாதல்!" முன் பெஞ்சில் ஒருத்தி எழுந்து, நேற்று நான் சொன்ன வரையறை, உதாரணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். முடித்துவிட்டு, "இப்ப ஸ்பிரிட் தடவுவீங்க மிஸ்" என்று கையை வேறு நீட்டினாள்.

எக்ஸ்டர்னல் பேனாவை மூடினார். "இந்தப் பாடம் எப்ப நடந்தது?" கேட்டது என்னை. சொன்னது அவர்கள். "நேத்து சார்! நீங்க வருவீங்கன்னும் மிஸ் சொன்னாங்க!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில்! அடக்கினேன். கண்ணில் தண்ணீர்.

பிறகு ஆசிரியர் அறையில் அவரும் மேடமும். நான் வராந்தாவில். கதவு சரியாகச் சாத்தவில்லை.

"எல்லா ஸ்டூடண்ட்ஸும் பண்றதுதான் சார்."

"தெரியும் மேடம். நான் யாருக்கு மார்க் போடறது? ஒப்பிச்ச பிள்ளைங்களுக்கா?"

"நாளைக்கு ஒரு சான்ஸ் குடுங்க. எனக்காக."

மூன்று முறை பிளானைத் திருப்பி எறிந்த மேடம். எனக்காக. நான் எதிர்பார்க்கவே இல்லை. அழுகை அப்போதுதான் வந்தது.

முடிவு: நாளை எட்டாம் வகுப்பு, பி பிரிவு. நான் பார்த்தே இராத பிள்ளைகள். பாடம் உராய்வு. அதுவரை பள்ளிப் பக்கமே போகக் கூடாது. நாளையும் சொதப்பினால் அடுத்த வருஷம்தான்.

வி. என்னைவிட அதிகம் அழுதாள். "என்னாலதான்." போனது நான்தானே என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே புது சார்ட் எழுதிக் கொடுத்தாள்.

ஒன்று மட்டும் மண்டையைக் குடைகிறது. தெரிந்ததைச் சொல்லவே இன்று அவர்களுக்கு அத்தனை குஷி. தெரியாததை ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்போது முகம் எப்படி இருக்கும்? இத்தனை வாரம் வகுப்பு எடுத்திருக்கிறேன், பார்த்ததாக நினைவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

மழை விட்டிருக்கிறது. நாளை வரமகாலட்சுமி விரதம். மார்க்கெட் பக்கம் பூ வாங்கக் கூட்டம், பஸ் நகரவில்லை. இறங்கி ஓட்டம். புடவைக் கரையெல்லாம் சேறு.

எட்டு பி. எக்ஸ்டர்னல் எனக்கு முன்னாலேயே வந்து கடைசி பெஞ்சில். முதல் கேள்வி. மௌனம். இரண்டாவது. மௌனம். மூன்றாவது. ஃபேன் சத்தம். வி. பயந்தது இதைத்தான்.

பிள்ளைகள் பார்த்தது என்னை இல்லை, புடவையில் இருந்த சேற்றை. சரி என்று அதையே கேட்டேன். "சேத்துல ஓடி வந்தேன். ஆனா விழல. ஏன்?"

யாரோ சிரித்தார்கள். "செருப்பு மிஸ்." செருப்பில் என்ன? காட்டச் சொன்னார்கள். கழற்றிக் கையில் பிடித்தேன். (எந்த லெஸன் பிளானிலும் இது இருக்காது.) அடியில் வரி வரியாக இருக்கு என்றார்கள். இரண்டாவது வரிசைப் பெண் ஒருத்தி தன் செருப்பைக் கழற்றிக் காட்டினாள். தேய்ந்து வழவழ. "நான் விழுந்தேன் மிஸ்."

உலகத்தில் எல்லாமே இப்படி வழவழ என்றால்?

"வேகமா போலாம் மிஸ். சைக்கிள் மிதிக்கவே வேண்டாம்." "அய்யோ, பிரேக் பிடிக்காதுடா." "நிக்கவே முடியாது." ஒரே சண்டை. நான் நடுவில் நின்று வேடிக்கை. அப்போது அந்தத் தேய்ந்த செருப்புக்காரி, மெதுவாக: "மிஸ், கிளம்பவே முடியாது. எதை உதைச்சுக் கிளம்பறது?"

சண்டை போட்டவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். நானும்தான். இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். பார்த்துவிட்டேன், இப்படித்தான் இருக்கும். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

"அதுக்குப் பேரு என்ன மிஸ்?" என்று கேட்டாள். உராய்வு என்று நானே சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, கால் எதை உதைக்கிறது என்று நடந்து பார்த்தார்கள். பெஞ்சை இழுத்தார்கள். சோப்பு, கேரம் போர்டு பவுடர், யானை வழுக்குமா வழுக்காதா. மணி அடித்தும் பாதிப் பேர் போகவில்லை.

வெளியே வந்தால் மேடம் கோபமாக நிற்கிறார்.

"பாஸ். பத்து நிமிஷத்துலயே மார்க் போட்டுட்டு அவர் அடுத்த ஸ்கூலுக்குப் போயாச்சு. வாசல்ல நின்னு எத்தனை தடவை கை காட்டினேன்? யாருக்காக மணி அடிக்கிற வரைக்கும் எடுத்தே?"

திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் எக்ஸ்டர்னல் இருந்த இடத்தில் இரண்டு பிள்ளைகள், செருப்பைப் பலகையில் தேய்த்துக்கொண்டு இன்னும் சண்டை. அவர் எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியவே இல்லை.