மாமா, உங்கள் கொடியைக் கழற்றிவிட்டோம்

என் அன்பு மாமா,

இந்தமுறை சிறுபோக நெல் விளைச்சல் பிழையில்லை. முதலில் அதைச் சொல்லவேணும். இல்லாவிட்டால் நான் பிறகு சொல்லப்போவது ஒன்றும் உங்கள் காதில் ஏறாது. கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் வந்தது. மயில்கள்தான் கொஞ்சம் தின்றுவிட்டன. நீங்கள் இருந்திருந்தால் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரம்பு வரம்பாய் ஓடியிருப்பீர்கள்.

இனி, சொல்லத் தயங்குகிற விசயத்துக்கு வாறன். காணாமல் போனவர்களுக்கான மன்னார்ப் பந்தலில் நீங்கள் கட்டின அமெரிக்கக் கொடியைக் கழற்றிவிட்டோம். கழற்றினது நான்தான். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். ஒரு கிழவனின் கொடியை மருமகள் ஏன் இறக்கினாள் என்று நாலு பேருக்குத் தெரியத்தான் வேணும்.

வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாதே. நீங்கள் என் கணவர் சிவத்தின் அப்பா. மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் நெல் விதைத்துச் சீவித்த மனுசன். திருவிழாவுக்கு வந்தால்தான் கடலைப் பார்ப்பீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் கடைசிச் சண்டையில் ஊர் ஊராய் ஓடி, முள்ளிவாய்க்கால் கரையில் போய்க் கடலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அமெரிக்கன் கப்பல் வருதாம், சனத்தை ஏற்றப்போகுதாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செல் விழுகிற நேரமும் பங்கருக்குள் வரமாட்டீர்கள்.

"அப்பா, கப்பல் வந்தா உங்களைத்தான் முதல் ஏத்துவாங்கள், இப்ப உள்ளுக்கு வாங்கோ," என்று இவர் கத்துவார்.

"பொறடா, அந்தா ஒரு கறுப்புத் தெரியுது," என்பீர்கள். அது மேகமாக இருக்கும்.

கப்பல் வரவில்லை. சண்டை முடிந்து நாங்கள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி ஆமியின் பக்கம் வந்தோம். ஒரு நாளாவது இயக்கத்தில் இருந்தவர்களும் பெயரைப் பதியவேணும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இவரை முந்தி இயக்கம் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போய்க் கொஞ்சக் காலம் வைத்திருந்தது. இவர் உங்கள் முகத்தைப் பார்த்தார். "சட்டப்படி போறவனுக்கு ஒண்டும் நடக்காது, மகன். மறைச்சாத்தான் பிரச்சினை," என்று நீங்கள் சொன்னீர்கள். இவர் தோளில் கிடந்த நாலு வயது நிலவனை என்னிடம் தந்துவிட்டு பஸ்ஸில் ஏறினார். அவ்வளவுதான்.

அந்தச் சொல்லை நீங்கள் எத்தனை தரம் உங்களுக்குள் திருப்பிச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், மாமா. நான் ஒருநாளும் உங்களைக் குறை நினைக்கவில்லை. அந்த இடத்தில் எந்தத் தகப்பனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

ஆனால் அதற்குப் பிறகு உங்களுக்கு எங்கேயாவது ஒரு சட்டம் உயிரோடு இருக்கவேண்டி வந்தது. இந்த நாட்டில் அது இல்லை என்று கண்டதும் அமெரிக்காவில் இருக்கு என்று பிடித்துக்கொண்டீர்கள். கப்பல் வராததற்குக்கூட நீங்களே காரணம் சொன்னீர்கள்: "அவங்கள் அனுப்பித்தான் இருப்பாங்கள் பிள்ளை. இங்க விட்டிருக்க மாட்டாங்கள்."

பிறகு காணாமல் போனவர்களுக்காக மன்னாரில் பந்தல் போட்டபோது, பஸ்ஸேறி வந்து முதல் வரிசையில் இருந்தவர் நீங்கள். ஒருநாள் அமெரிக்காவில் இருந்து அதிகாரி அம்மா ஒருவர் வந்தார். உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மறக்கமாட்டோம் என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அது நடிப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

அடுத்த கிழமை நீங்கள் பசாரில் துணி வாங்கித் தையல்காரனிடம் கொடுத்தீர்கள். "ஐயா, கொடியில எத்தினை வெள்ளி வைக்கிறது?" என்று அவன் கேட்க, "துணியில இடம் காணுமட்டும் வை," என்றீர்களாம். அந்தக் கொடியைப் பந்தலின் முன்கம்பில் கட்டினீர்கள்.

எனக்கும் உங்களுக்கும் அதில் எத்தனை வாக்குவாதம்! "அவங்களும் ஊர் ஊராய்ப் போய்க் குண்டு போட்டவங்கள்தானே மாமா? ஈராக்கில செய்யேல்லையா?" என்று கேட்பேன்.

"பிழை விட்டவங்கள்தான். ஆனா பிள்ளை, அங்க தலைவர் சட்டத்துக்குக் கீழ. பிழை விட்டாக் கேக்க ஆளிருக்கு. எங்கட நாட்டிலதான் சட்டம் தலைவருக்குக் கீழ."

ஜனாதிபதிக்கு நிறைவேற்று அதிகாரம் என்று சொல்லி, ஒரு ஆள் கையெழுத்தில் எங்களுடைய சீவியம் எல்லாம் ஆடினதைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்படி இல்லாத ஒரு நாடு உலகத்தில் இருக்கட்டுமே என்று எனக்கும் ஆசைதான்.

நீங்கள் கண் மூடிய பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? முதலில் காசா. தொலைபேசியில் பார்க்கிறோம். அந்தப் பக்கம் போங்கள், அது பாதுகாப்பான இடம் என்று சனத்தைத் துரத்துகிறார்கள். போன இடத்தில் குண்டு விழுகிறது. எங்களுக்கு அதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, மாமா. போடுகிற குண்டில் பாதி அமெரிக்காவுடையது என்றார்கள். சண்டையை நிறுத்து என்று உலக நாடுகளின் சபையில் மற்ற எல்லாரும் கை தூக்க, அமெரிக்கா மட்டும் மறித்துக் கை தூக்கியது. அது ஒரு தலைவர் காலத்தில். அவர் போய் மற்றவர் வந்தார். அப்போதும் அதே கை. நீங்கள் என்ன காரணம் சொல்லியிருப்பீர்கள்?

பிறகு ஈரான். உங்கள் பேரன் நிலவன் இப்போது கத்தாரில் ஏசி பூட்டுகிற வேலை. நல்ல உயரமான பெடியன், இவருடைய அதே நடை. அமெரிக்கா ஈரானில் குண்டு போட, ஈரான் திருப்பிக் கத்தாரில் இருக்கிற அமெரிக்கத் தளத்துக்கு அடித்தது. காலையில் பிள்ளை எடுத்தான்.

"அம்மா, பயப்பிடாதேங்கோ. நான் சுகமா இருக்கிறன். நேற்றுப் பின்னேரம் வானத்தில வெளிச்சம் வெளிச்சமாப் போனது. எல்லாரும் வெளியில நிண்டு வீடியோ எடுத்தவங்கள். நான் மட்டும் கட்டிலுக்குக் கீழ போயிட்டன். ஏனெண்டு எனக்கே தெரியேல்ல."

எனக்குத் தெரியும். பங்கருக்குள் என் மடியில் கிடந்த குழந்தை அது. மனம் மறந்தாலும் உடம்பு வைத்திருக்கிறது. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தக் கிழமை உங்கள் தங்கச்சி மகள் ரஞ்சி நியூஜேர்சியில் இருந்து பேசினாள். நீங்கள் பெருமையோடு சொல்லுவீர்களே, எங்கட பிள்ளை அங்க வோட்டுப் போடுறாள் என்று. அவள் அழுதாள்.

"மச்சாள், சண்டையே வேண்டாம் எண்டு சொன்ன ஆளெண்டுதான் நாங்கள் வீட்டோட வோட்டுப் போட்டனாங்கள். இப்ப பாராளுமன்றத்தைக்கூடக் கேக்காமல் குண்டு போடச் சொல்றார். கேக்க வேண்டியவை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கினம். மற்றக் கட்சிக்காரரும் தங்கட ஆள் இருந்த காலத்தில இப்பிடித்தான் இருந்தவை. ஆரைத்தான் நம்புறது?"

"சனம் ஒண்டும் சொல்லேல்லையா?"

"றோட்டு நிரம்பச் சனம். நானும் போனனான். என்ர பக்கத்தில வந்தது ஒரு வெள்ளைக்காரக் கிழவர், முந்திச் சண்டைக்குப் போன ஆமிக்காரனாம். 'எங்களை ஏமாத்திப்போட்டாங்கள்' எண்டு திருப்பித் திருப்பிச் சொன்னார். மச்சாள், மாமாவை நினைச்சன். நல்லகாலம், மாமா இதைப் பாக்கேல்ல."

நல்லகாலமா, மாமா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இருந்து பார்த்திருந்தால் ஒருவேளை அந்தக் கிழவரோடு சேர்ந்து நடந்திருப்பீர்கள் என்றும் தோன்றுகிறது.

இனிப் பந்தலுக்கு வாறன். உப்புக்குளம் நசீமா அக்காவை நினைவிருக்கும். புத்தளத்தில் அகதியாய்க் கிடந்து திரும்பி வந்தவர். லொறி ஓட்டப் போன தம்பியை வழியில் தொலைத்துவிட்டு இன்னும் தேடுகிறவர். எத்தனை வருசம் எங்களோடு தரையில் இருந்தார். ஒருநாள் வந்தவர் உள்ளே வரவில்லை. வெயிலில் றோட்டோரம் நின்றார்.

"ஏன் அக்கா வெளியில நிக்கிறியள்? வாங்கோ," என்றேன்.

"ஏலாது தங்கச்சி. காசாவில பச்சைப் பிள்ளையளைத் துணியில சுத்திக்கொண்டு ஓடுற வாப்பாமாரைப் பார்த்திட்டு, இந்தக் கொடிக்குக் கீழ வந்து என்ர தம்பியைக் கேக்க எனக்கு நாக்கு வராது. நீங்கள் இருங்கோ. நான் இதில நிண்டே கேக்கிறன்."

பந்தலுக்குள் ஒரே சத்தம். ஓலைத்தொடுவாய்க் கடற்கரைப் பிலோமினா அக்கா எழும்பிவிட்டார். "கழட்டிப்போட்டு ஆரிட்டப் போறது? இந்த நாட்டு நீதிமன்றத்திட்டயா? மாதாவே, எங்களைத் திரும்பிப் பார்த்தது அவங்கள் மட்டும்தான். அந்த மனுசன் ஆசையாக் கட்டின கொடி. அவர் இருந்த இடத்தையும் சேர்த்துப் பிடுங்கப் போறியளா?"

"ஆரும் பிடுங்கேல்ல அக்கா," என்றார் நசீமா அக்கா வெளியில் நின்றபடி. "பெரியவர் இருந்தா அவரிட்டக் கேட்டிருப்பன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் வீட்டில் மிச்சம் நான்தானே.

மாமா, அந்த நேரம் உங்களை மனதுக்குள் எவ்வளவு கூப்பிட்டேன். நீங்கள் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம் வந்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்த பிள்ளையின் முகமும் வந்தது. காணாமல் போன ஒருவனைத் தேடி வந்த ஒரு சகோதரி எங்கள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறாள் என்பதுதான் கடைசியாக என்னை எழுப்பியது. அதை நீங்கள் பொறுத்திருக்க மாட்டீர்கள். நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன்.

முடிச்சு அவிழவில்லை. உப்புக்காற்றில் கயிறு இறுகிப்போயிருந்தது. "விடு, கம்பியில கையைக் கிழிச்சுப்போடுவாய்," என்று பிலோமினா அக்காவே வந்தார். வலையோடு பிறந்த கை அல்லவா, ஒரு இழுவையில் அவிழ்த்தார். அழுதுகொண்டே அவிழ்த்தார். கொடி விழப்போக, நசீமா அக்கா ஓடிவந்து ஏந்தினார். தூசியைத் தட்டி, நாலாய் மடித்து என் கையில் தந்தார்.

"இது உங்கட மாமாட நம்பிக்கை. மண்ணில படக்கூடாது," என்றார்.

யாரும் கைதட்டவில்லை. வென்றவர்கள் என்று அங்கே ஒருவரும் இல்லை. மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தோம்.

கொஞ்ச நாளில் ஒரு கட்சிக்காரத் தம்பி வேறொரு நாட்டுக் கொடியோடு வந்தார். கம்பு சும்மா நிற்குதே, இதைக் கட்டுங்கோ என்றார். பிலோமினா அக்கா கும்பிட்டுச் சொன்னார்: "தம்பி, இனி ஒருத்தற்ற கொடியும் வேண்டாம். எங்கட பிள்ளையளின்ர படம் மட்டும் காணும்."

என் மனதில் கிடந்து உறுத்துவது இதுதான், மாமா. நீங்கள் நம்பினது பிழையான ஒன்றை அல்ல. ஒரு தலைவனைக் கேள்வி கேட்க ஒரு சட்டம் இருக்கவேணும் என்று நம்பினீர்கள். அதில் என்ன பிழை? அதைக் காப்பாற்றவேண்டியவர்கள்தான் தங்கள் கதிரைக்காக அதை விற்றுவிட்டார்கள். அங்கே றோட்டில் நிற்கிற சனத்துக்கும் இங்கே பந்தலில் இருக்கிற எங்களுக்கும் இப்போது ஒரே கேள்விதான். யாரிடம் கேட்பது என்றுதான் இருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் நான் கேட்பதை விடமாட்டேன். எந்த நாட்டு அதிகாரி வந்து கையைப் பிடித்தாலும், உங்கள் மகனின் பெயரைத்தான் முதலில் சொல்லுவேன். பிறகு, உங்கட தலைவர் பிழை விட்டா ஆர் கேக்கிறது என்றும் கேட்பேன். அதற்கு அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்துத்தான் மிச்சம் கதைப்பேன்.

இன்னுமொன்று. இவர் என்றைக்காவது படலையைத் திறந்துகொண்டு வந்தால், என்னிடம் முதல் கேட்கப்போவது "அப்பா எங்க?" என்றுதான். என்ன சொல்லுவது என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். "அப்பா கடைசிவரைக்கும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்" என்று சொல்லுவேன். பிறகு சோறு போட்டுக் கொடுத்து, வாய்க்கால் கரைச் சுடலைக்கு நானே கூட்டிக்கொண்டு வாறன், மாமா.

உங்கள் மகனுக்காக உங்களோடு காத்திருந்த, இன்னும் காத்திருக்கிற,
உங்கள் மருமகள்
வசந்தி