ஏழாவது பெட்டியின் குரல்

அனுப்புநர்:
மூத்த மருமகள்,
இஸ்திரிக் கடைக்கு மேல் மாடி வீடு,
பேருந்துப் பணிமனைப் பின்தெரு.

பெறுநர்:
துணை இயக்குநர் அவர்கள்,
கலை பண்பாட்டுத் துறை,
மண்டல அலுவலகம்.

பொருள்: பழைய நூல் கிடங்கில் நடைபெறும் ‘நாம் என்பவர்’ கூட்டுக் கண்காட்சி – இருட்டறையில் ஏழாவது ஒலிப்பெட்டி நிறுத்தப்பட்டது – மீண்டும் ஒலிக்கவிட வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் வாய்மொழி உத்தரவு. (எழுத்தில் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்றார்கள்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஓர் இல்லத்தரசி. பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. நாளிதழையும் இறைநூலையும் எழுத்துக் கூட்டிப் படித்தே கற்றுக்கொண்டவள். வீட்டு வரவு செலவை நாள்தோறும் எழுதி வருவதால், கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் தவிர வேறெதையும் பதியும் பழக்கம் எனக்கில்லை. இம்மனுவும் அவ்வாறே எழுதப்படுகிறது. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. மேற்படி கண்காட்சியைத் தொகுத்தவர் ஓர் ஓவியர். விரலில் சாயம் போகாததால் எங்கள் தெருவில் அவருக்கு ‘நீலக்கை அம்மா’ என்று பெயர். எட்டுக் கலைஞர்களைக் கூப்பிட்டு, ‘இந்த நாட்டுக்காரர் என்றால் யார்’ என்று ஒரே கேள்வியைக் கொடுத்து, அவரவர் பதிலைச் செய்து தரச் சொல்லியிருக்கிறார். தன் படம் ஒன்றையும் அவர் மாட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “எல்லாரையும் உட்கார வச்சுட்டு நான் எங்கம்மா உட்கார்றது” என்று சிரித்தார். பரிமாறுகிறவளின் பேச்சு எனக்கு விளங்கியது.

3. நாடு பற்றிய கண்காட்சி என்றதும், தலைவர்கள் படமும் கொடியும் வரிசையாக இருக்கும் என்றெண்ணி, நல்ல சேலையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். உள்ளே ஒரு தலைவரும் இல்லை. நாட்டுப்பண் பாடும்போது நிற்கிற மனிதர்களைப் பின்னாலிருந்து எடுத்த புகைப்படங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. முகமே கிடையாது, அத்தனையும் பிடரி. அதில் என் கணவரின் பிடரியைக் கண்டுபிடித்துவிட்டேன். பணிமனை மெக்கானிக்கின் கழுத்தில் எண்ணெய்க்கறை எங்கே நிற்கும் என்பது துவைக்கிறவளுக்குத் தெரியாதா? அடுத்த சுவரில், கொடி தைக்கும் கடையில் வெட்டி விழுந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்திருந்தார்கள். குளிரில் படுத்திருக்கும் யாருக்காவது போர்த்திவிடலாம் போலிருந்தது.

4. மனுவுக்குக் காரணமான இருட்டறை கிடங்கின் கடைசியில் உள்ளது. அதைச் செய்தவர் தாடி வைத்த ஓர் ஒலிக்கலைஞர். அவர் வீடு வீடாகப் போய், அந்தந்த வீட்டில் சாப்பிடக் கூப்பிடும் குரலைப் பதிந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தது என் குரலுக்காக. “எடுத்து வச்சாச்சு, இனிமே உங்க பாடு” என்று நான் கூப்பிட்டேன். அந்நேரம் அடுப்பங்கரையிலிருந்து என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் தம்பி மனைவி, கருவி ஓடுவது தெரியாமல் தன் கணவரைத் தன் தாய்மொழியில் கூப்பிட்டாள். என் கொழுந்தனார் கடிகாரம் பழுது பார்ப்பவர். மூன்று முறை கூப்பிடாமல் எழுந்திருக்க மாட்டார். அன்று முதல் அழைப்பிலேயே எழுந்தார் என்றால், அந்தக் குரலில் இருந்த காரத்தைத் தாங்கள் ஊகிக்கலாம். தாடிக்காரத் தம்பி அவளிடம் முறையாக அனுமதி கேட்டார். “திட்டினதைப் போய் நாட்டுக்கே போட்டுக் காட்டப் போறீங்களா தம்பி” என்று கேட்டு, சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டாள்.

5. அவள் எல்லைக்கு அப்பால் பிறந்தவள். மணமாகி இங்கு வந்து, முறைப்படி இந்நாட்டுக் குடியுரிமை பெற்றவள். வாக்களிக்கிறாள். கடைத்தெருவில் நம் மொழியை என்னைவிடக் கெட்டியாகப் பேசிப் பேரம் முடிப்பாள். தன் மொழியை அவள் வைத்திருப்பது அடுப்பங்கரையில் மட்டுமே.

6. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் இருட்டறைக்குள் போனோம். செருப்பைக் கழற்றச் சொல்லி அங்கே யாரும் கேட்கவில்லை. நானாகக் கழற்றினேன். ஒவ்வொரு குரலும் அதற்குரியவர் வாய் இருக்கும் உயரத்தில் ஒரு பெட்டியிலிருந்து வருகிறது. நான் தரையில் உட்கார்ந்து பரிமாறுகிறவள். ஆகவே என் குரல் வரும் நான்காவது பெட்டி முழங்கால் உயரத்தில் இருந்தது. அவளுடைய ஏழாவது பெட்டி, அடுப்பின் முன் நின்று தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும் உயரத்தில். ஒன்று அடங்க மற்றொன்று எழும். கெஞ்சுகிற குரல், அதட்டுகிற குரல், பல் இல்லாத குரல், ஏதோ மலைப்பக்கத்தவர் பாடுவது போல் நீட்டிக் கூப்பிடுகிற குரல். தொழுகிற இடத்தில் எனக்கு வரும் நடுக்கம் அங்கே வந்தது. எத்தனையோ பேர் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், எல்லா வீட்டிலும் எனக்கொரு தட்டு இருக்கிறது என்று பட்டது.

7. ஏழாவது பெட்டி பேசியபோது எங்களுக்கு அருகில் நின்ற ஒருவர், காக்கிச்சட்டையின் நிறம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது, பேருந்து ஓட்டுநராக இருக்கலாம், தன்னை மறந்து, “இதோ வர்றேம்மா” என்றார். அவருக்கு அந்த மொழி தெரிந்திருக்க வழியில்லை. என் ஓரகத்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளியே வரும்வரை விடவில்லை. வெளிச்சத்துக்கு வந்த பிறகு, “அக்கா, இந்த ஊர்ல நான் கூப்பிட்டாலும் வருவாங்க போல” என்றாள். இத்தனை ஆண்டு ஒரே அடுப்பில் சமைத்தும், அப்படி ஒரு சந்தேகம் அவளுக்குள் இருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று.

8. மறுவாரம் அவள் தன் மகளை அழைத்துக்கொண்டு போனாள். நானும் உடன் சென்றேன். ஆறாவது குரல் முடிந்து எட்டாவது குரல் வந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஏழாவது பெட்டியின் மேல் ‘பழுது’ என்று அச்சிட்ட தாள் ஒட்டியிருந்தது. மகள், “பரவாயில்லம்மா, சரி பண்ணிருவாங்க” என்றாள். நான் விடாமல் விசாரித்தேன். நாட்டைப் பற்றிய கண்காட்சியில் பகைநாட்டு மொழி ஒலிப்பதாகப் புகார் வந்ததாம். பெட்டியை நிறுத்துவதா, கண்காட்சியையே மூடுவதா என்று தங்கள் அலுவலகத்தார் கேட்டார்களாம். “ஒரு குரலுக்காக எட்டு பேர் உழைப்பை மூடச் சொல்றாங்கம்மா, நான் யாரை எழுந்து போகச் சொல்றது” என்றார் நீலக்கை அம்மா. பெட்டியைக் கழற்ற மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. அது ஊமையாகத் தொங்குகிறது.

9. புகார் கொடுத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரை நிந்திக்கவும் மாட்டேன். எல்லையில் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் இவ்வூரில் உண்டு. அவர்கள் காதில் அந்த மொழி எப்படி விழும் என்பதை அறியாதவள் அல்ல நான். ஆனால் பெட்டியில் இருந்த வாசகத்தைத் தாங்கள் அறிய வேண்டும். என் ஓரகத்தியைச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்ட பொருள் இது: “தட்டு வந்துருச்சு, ஆளைத்தான் காணோம். ஆறிப்போனா நான் பொறுப்பில்ல.” இதில் நாட்டுக்குக் கேடு விளைவிக்கும் சொல் எது என்று தங்கள் துறை சுட்டிக்காட்டினால், அதை அவள் திரும்பப் பெறுவாள்.

10. அந்தத் தாளைப் பார்த்த அன்று முதல் அவள் வீட்டில் கூப்பிடுவதில்லை. தட்டை வைத்துவிட்டு, கொழுந்தனாரின் மேசை வரை நடந்து போய்த் தோளைத் தொடுகிறாள். அவரும் முதல் தொடுதலிலேயே எழுந்துவிடுகிறார். கடிகாரங்களுக்கு நடுவில் குனிந்தபடி, “ஒரு தடவை கூப்பிடேன்” என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். அவள், “பழுதுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐயா, அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகே இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

11. ஆகவே தங்களிடம் நான் பணிந்து கேட்பவை: மாதக் கடைசியில் கண்காட்சி முடிவதற்குள் தாங்கள் ஒருமுறை நேரில் வந்து, அந்த இருட்டறையில் நின்று எல்லாக் குரல்களையும் கேட்க வேண்டும். கேட்ட பின் ஏழாவது பெட்டியை ஒலிக்கவிட உத்தரவிட வேண்டும். ‘பழுது’ என்ற தாளை, தங்கள் முடிவு எதுவானாலும், உடனே எடுத்துவிட வேண்டும். பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. தாடிக்காரத் தம்பி சோதித்துச் சொல்லியிருக்கிறார்.

12. ஒலிக்கவிட இயலாது என்று தாங்கள் தீர்மானித்தால், நான்காவது பெட்டியையும் நிறுத்திவிடும்படி, அந்தக் குரலுக்கு உரியவள் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தனி மனு தேவையில்லை, இதையே என் ஒப்புதலாகக் கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒருத்தி கூப்பிட, மற்றவள் வாய்மூடி நிற்கும் வழக்கம் இல்லை.

தங்கள் நல்முடிவை ஆண்டவனிடமும் வேண்டிக்கொண்டு, பணிவுடன் கையொப்பமிடுவது,

(ஒப்பம்)
மூத்த மருமகள்,
நான்காவது பெட்டியின் குரல்.

இடம்: பணிமனைப் பின்தெரு
நாள்: 12ஆம் தேதி, வியாழக்கிழமை