ஐயா எப்பக் கெளம்புறாரு?

என்னங்க,

நலமா? பாப்பாவுக்குச் சளி விட்டதா? மறைக்காமல் எழுதுங்கள்.

இங்கே கடற்படைத் தளம் கேட்டு வந்த வெளிநாட்டுத் தளபதி, மீனவர் கூட்டத்தில், "உங்க பாதுகாப்புக்குத்தான் வந்திருக்கோம், விருந்தாளியா நினைச்சுக்குங்க" என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். ஒரு மீன்காரம்மா எழுந்து, "விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லும்மா. ஐயா எப்பக் கெளம்புறாரு?" என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று அப்படியே சொல்லிவிட்டேன். அவரும் சிரித்துவிட்டு, அதைத் தங்கள் தலைநகரைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றார். கூட்டமே குலுங்கியது. பேச்சுவார்த்தையைத் தள்ளிவைத்துவிட்டார்கள், எனக்கு ஒரு மாதம் விடுப்பு.

என் தலையணையை வெயிலில் போட்டு வையுங்கள். போன தடவை வந்தபோது பாப்பாவும் என்னிடம் "எப்பக் கெளம்புவே?" என்றுதானே கேட்டாள்? நாலாம் நாளும் அம்மா இருப்பாள் என்று அவளிடம் சொல்லுங்கள். தூக்கம் சொக்குகிறது.

உங்கள் வீட்டுக்காரி