கரக நோட்டும் நாலு இணையதளமும்

சைதாப்பேட்டை
3.6.2024

அன்புள்ள கயலுக்கு,

நலம்தானே என்று கேட்கவே கூசுகிறது. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், எழுதினாலாவது படிப்பாய். ஆற்றங்கரையில் உங்கள் குடியிருப்பு 1984இல்தான் வந்தது என்ற என் கட்டுரையைக் காட்டி, ஆக்கிரமிப்பு என்று அதிகாரிகள் உங்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாமே. நானாக எதையும் இட்டுக்கட்டவில்லையடி. நாலு இணையதளங்களில் அப்படித்தான் இருந்தது. அதற்காக இவ்வளவு கோபமா?

உன்
ஜுவேரியா


ஆற்றங்கரை
7.6.2024

ஜுவேரியாவுக்கு,

நலம் இல்லை. ஆடி மாதம் அம்மன் கரகம் எடுக்கும் வீட்டின் பெயரை வருடா வருடம் எழுதி வைப்பார்களே, அந்த நோட்டை அப்பா விசாரணைக்கு எடுத்துப் போனார். முதல் பெயர் என் தாத்தாவுடையது, வருடம் 1951. அதிகாரி நோட்டை மூடிவிட்டுத் தன் போனில் உன் கட்டுரையைக் காட்டினார். "போன்ல கீறதுதான் நெசமா, நோட்டுல கீறது பொய்யா?" என்று கேட்டுவிட்டு அப்பா திரும்பி வந்துவிட்டார்.

காலேஜ் படிக்கும்போது கூழ் குடிக்க வந்த உன்னிடம் இதே நோட்டைத்தான் காட்டப் பார்த்தார். "அப்பறம் பாக்குறேன் மாமா" என்றாய். எங்கள் வீடு உன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். மறு விசாரணை பதினெட்டாம் தேதி.

கயல்


சைதாப்பேட்டை
13.6.2024

என் கயலுக்கு,

தப்பு வேறு யாருடையதோ என்று உனக்குக் காட்டத்தான் அந்த நாலு தளங்களையும் துருவினேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் போய் நின்ற இடம், காலேஜ் படிக்கும்போது நான் எழுதிய வலைப்பதிவு. உங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்த வருடத்தைக் குடிவந்த வருடமாகப் போட்டிருக்கிறேன். யாரையும் கேட்கவில்லை. நான் போட்ட தப்பையே நான் சான்றாக எடுத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி வந்து இதை என் வாயால் சொல்கிறேன். கல்லூரியில் என் ஆசிரியர் வேலை என்ன ஆனாலும் ஆகட்டும். மாமா முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஜுவேரியா


ஆற்றங்கரை
22.6.2024

ஜுவேரியா,

வந்தாய், சொன்னாய், கையெழுத்தும் போட்டாய். உத்தரவை நிறுத்திவிட்டார்கள். தெருவில் எல்லோரும் உன்னைப் புகழ்கிறார்கள், அப்பாவைத் தவிர.

அந்த நோட்டை அன்றுதான் நீ முதல்முறையாகத் தொட்டாய். எழுபது வருடமாக நாங்கள் எழுதியதை நம்பாதவர்கள், இரண்டு பக்கம் புரட்டிவிட்டு நீ சரி என்றதும் நம்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அது ஆறவில்லை. எனக்கும்தான்.

வீட்டுக்கு வராதே என்று எழுத மனம் வரவில்லை. வா என்றும் எழுத முடியவில்லை.

கயல்