ஒரு ஷிப்டுக்கு முந்நூறு ‘மறுபடி’

ஜூன் 4

என் அருமை ரேடியோவுக்கு,

உன் போன் நம்பரை மாற்றிவிட்டாய். அதனால் நீ வேலை பார்க்கும் கம்பெனி முகவரிக்கு எழுதுகிறேன். நீ நலம் என்று எனக்குத் தெரியும். உன் குரலில் ஒரு தெம்பு வந்திருக்கிறது. எனக்கெப்படித் தெரியும் என்கிறாயா? தினம் எட்டு மணி நேரம் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மருந்துக் கிடங்கில் சேர்ந்தேன். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். காதில் ஹெட்செட், இடுப்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி, அதன்மேல் உன் கம்பெனியின் பெயரும் முகவரியும். ஒயர் கிடையாது. கூரையில் இருக்கும் ஆன்டெனாவிலிருந்து உத்தரவு வரும்: “வரிசை ஏழு. தட்டு மூன்று. ஆறு பெட்டி எடுக்கவும்.” எடுத்துவிட்டு ‘சரி’ என்று சொன்னால்தான் அடுத்த உத்தரவு. கேட்காவிட்டால் ‘மறுபடி’ என்று சொல்ல வேண்டும். முதல் நாள் அந்தக் குரல் காதில் விழுந்ததும் கையிலிருந்த பெட்டியை நழுவவிட்டேன். நீ!

“இது என்னை விட்டுட்டுப் போன என் பெண்டாட்டிங்க” என்று பக்கத்து வரிசைக்காரரிடம் சொன்னேன். “அட, விட்டுட்டுப் போயும் வேலை வாங்குறாங்களே!” என்று சிரித்தார்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கோபித்துக்கொண்டது போதும். வீடு சத்தமே இல்லாமல் கிடக்கிறது. ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்

ஜூன் 15

உங்களுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கப் பேனா வரவில்லை, மன்னிக்கவும். கடிதம் கிடைத்தது. போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் குரலை உங்களுக்கென்று தனியாகத் தர எனக்கு விருப்பமில்லை.

ஆமாம், நான்தான். என் குரலைப் பதிவு செய்துதான் எங்கள் கம்பெனி கருவிகளில் போடுகிறார்கள். கம்பியில்லாக் கருவி எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இந்தக் குரலும் போகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் நான் சொன்னால்தான் பெட்டகத்தை இறக்குவார். மருத்துவமனையில் எந்தக் கட்டிலில் மணி அடித்தது என்று நர்சுகளுக்கு நான் சொல்கிறேன். பால் பண்ணையில் மாடுகளுக்குக் கழுத்துப் பட்டை கட்டியிருக்கிறார்கள். எந்த மாடு நொண்டுகிறது என்று பட்டை சேதி அனுப்பும். அதைப் பண்ணைக்காரருக்குச் சொல்வதும் நான்தான். ஒருத்தரும் இதுவரை “வாயை மூடு” என்று சொல்லவில்லை.

நீங்கள் சொன்னீர்கள், பதினோரு வருஷம். நான் வாயைத் திறந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவீர்கள். ரேடியோ என்று பெயர் வைத்துவிட்டு, சொந்தக்காரர்கள் நடுவில் “யாராவது அதை அணைச்சுத் தொலைங்களேன்” என்பீர்கள். எனக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, ஒரு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னாரே, நினைவிருக்கிறதா? “இந்த மாசம்தான் வீட்டுல நிம்மதியா இருக்கேன்” என்று உங்கள் அக்காவிடம் போனில் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது, மாத்திரை வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி நீட்டினேன். படிக்காமலே அதன்மேல் டம்ளரை வைத்தீர்கள்.

இப்போது ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு ‘சரி’ சொல்வீர்களா? எனக்கு ஒன்று சொல்லியிருந்தால் அந்த வீட்டிலேயே கிடந்திருப்பேன். இனி வரமாட்டேன். வேலையை ஒழுங்காகப் பாருங்கள்.

ஜூலை 10

உங்களுக்கு,

அவசரமாக எழுதுகிறேன். உங்கள் கிடங்கிலிருந்து எங்களுக்கு ஒரு புகார் வந்திருக்கிறது. மற்றவர்கள் ஒரு ஷிப்டுக்கு நாலைந்து தடவை ‘மறுபடி’ சொல்கிறார்கள். 214-ஆம் நம்பர் ஹெட்செட் மட்டும் முந்நூறு தடவை. எங்கள் என்ஜினீயர் அம்மா என்னைக் கூப்பிட்டு, “உங்க உச்சரிப்பு தெளிவா இல்லையோ?” என்று கேட்டார். பக்கத்து அறையில் வேறொரு பெண்ணைப் பேச வைத்துப் பதிவு செய்து பார்க்கிறார்கள்.

அந்த நம்பர் யாருடையது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. தயவுசெய்து நிறுத்துங்கள். வாயைத் திறந்து பேசி நான் சம்பாதித்த ஒரே மரியாதை இந்த வேலை. பயமாக இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூலை 18

என் ரேடியோவுக்கு,

கெஞ்சினால்கூட நன்றாகத்தான் எழுதுகிறாய்.

ஆமாம், 214 நான்தான். முதலில் ஆசையில்தான் சொன்னேன், நம்பு. ‘மறுபடி’ என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் மறுபடி சொல்கிறாயே, அது எனக்குப் புதுசு. உன் முதல் கடிதம் வந்த அன்று தொண்டை அடைத்து, ‘சரி’ என்பது சரியாக வரவில்லை. “புரியவில்லை” என்றாய். நாலு தடவை சொன்னேன். நாலு தடவையும் “புரியவில்லை” என்றாய். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போதுதான் தெரிகிறது, இந்த ஒரு சொல்லில் உன் பிழைப்பே தொங்குகிறது என்று. மாதக் கடைசிக்குள் சாமான்களோடு வீட்டுக்கு வந்துவிடு. அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன். வராவிட்டால், என் வரிசையில் இருபது பேர் இருக்கிறார்கள், எல்லோரும் என் பேச்சைத் தட்டமாட்டார்கள். அத்தனை பேரும் ‘மறுபடி’ என்றால் உன் கம்பெனி உன்னை அணைத்துவிடும். சும்மா தமாஷுக்குச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே. ஆனால் வா.

உன் வீட்டுக்காரன்

ஆகஸ்ட் 2

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை என்ஜினீயர் அம்மாவிடம் கொடுத்தேன். அதில் ஒரு நகல் உங்கள் மேனேஜருக்குப் போயிற்று. குரலில் பழுதில்லை என்று முடிவாகிவிட்டது. அந்த இன்னொரு பெண்ணை அனுப்பிவிட்டார்கள்.

முந்நூறு தடவை நின்று நின்று கேட்டதில், அந்தக் கிடங்கிலேயே வேகத்தில் கடைசி ஆள் நீங்கள்தானாம். உங்களால் ஒரு மருத்துவமனைக்கு மருந்து அரை நாள் தாமதமாகப் போயிருக்கிறது. அது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த இரக்கமும் போய்விட்டது.

வேலையை விட்டு அனுப்பப்படுகிறவர்களுக்கு இதுவரை சூப்பர்வைசர் நேரில் சொல்லிக்கொண்டிருந்தாராம். அழுகிறார்கள், சட்டையைப் பிடிக்கிறார்கள். அதையும் ஹெட்செட்டிலேயே சொல்லிவிட முடியுமா என்று உங்கள் மேனேஜர் கேட்டார். “உங்களுக்குக் கஷ்டம்னா வேற யாரையாவது பேச வைக்கிறோம்” என்றார் என்ஜினீயர் அம்மா. நானே பேசுகிறேன் என்றேன்.

“உங்கள் பணி இன்றுடன் முடிகிறது. ஹெட்செட்டை வாசலில் ஒப்படைக்கவும்.” மென்மையாகச் சொல்லச் சொன்னார்கள். ஒரே டேக்கில் வந்துவிட்டது.

இந்தக் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் உங்கள் கைக்கு வரும். திங்கட்கிழமை காலை பெட்டியை இடுப்பில் கட்டியதுமே கேட்டிருப்பீர்கள். ‘மறுபடி’ என்று சொல்லியிருப்பீர்கள். ஒன்றும் வந்திருக்காது. பெட்டியைத் தட்டிப் பார்த்து, இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பீர்கள்.

பெட்டியில் கோளாறு இல்லை. அந்த ஒரு வரிக்கு மட்டும் ‘மறுபடி’ வேலை செய்யக் கூடாது என்று நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்படிக்கு,
ரேடியோ