அப்பா பார்த்த படம்

பாப்பா,

அப்பாவுக்குச் சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன். ஹோம் தியேட்டரை ஒருவழியாக இணைத்துவிட்டேன். பேச்சு வருகிற நடு ஸ்பீக்கர் அவர் கட்டிலுக்கு நேராக இருக்கிறது, நகர்த்தாதே.

காலையில் போட்டதும் சத்தம் கணீரென்று வந்தது. டிவிக்குப் போகிற கேபிளைச் செருக மறந்திருந்தேன், திரை கறுப்பாகவே கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "படம் கண்ணாடி மாதிரி இருக்குடா!" என்றார்.

"அவருக்குக் கண்ணே தெரியலண்ணா" என்று நேற்று நீ சொன்னபோது உன்மேல் எரிந்து விழுந்தேன். நீ சொன்னதுதான் சரி. அவருக்காகக் கண் டாக்டரைப் பார்த்துப் பேசப் போகிறேன்.

கேபிளைச் செருகிவிட்டேன். இப்போது படமும் பளிச்சென்று வருகிறது.

அண்ணன்

பி.கு.: அவரிடம் எதையும் கேட்டுவிடாதே. பக்கத்தில் உட்கார்ந்து பார். சிரிப்பு வருகிற இடத்தில் கொஞ்சம் சத்தமாகவே சிரி. நாம் சிரிப்பதைக் கேட்டுத்தான் அவரும் சிரிக்கிறார்.