மாமி சொன்னதும் நான் சொல்லாததும்

நமுனுகுல,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்புள்ள ஜூட் அத்தானுக்கு,

நானும் பிள்ளை நிலக்ஷனாவும் சுகம். 'அம்மாவும் சுகம்' என்று வழக்கமாக அடுத்து வரும் வரியை இந்த முறை எழுத முடியவில்லை. ஐந்து கிழமைக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் சொல்லலாமே என்பீர்கள். நம் லயத்துக் காம்பரா வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைதானே. எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் மாமிக்குக் கேட்கும். போனில் அனுப்பும் இரண்டு வரிச் செய்தியிலும் இது அடங்காது. சுரேஸ் அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறார். அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மாமியோடு தேயிலை மலையில் நின்றபோது மாமா குளவி கொட்டி இறந்து எட்டு மாதமாகிறது. அடக்கத்துக்கு வந்துவிட்டு நீங்கள் திரும்பிப் போன பிறகு, முதல் இரண்டு மாதம் மாமி அழாத நாளில்லை. ஆனால் அந்த அழுகைக்குள் மாமா இருந்தார். அழுதுகொண்டே அவரைத் திட்டுவார். "பல்லுசெட்ட வச்சிட்டுப் போயிட்டாரு பாரு இந்த மனுசன், அங்க போயி எதக் கொண்டு கடிப்பாரு?" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். பிறகு மறுபடி அழுவார். பக்கத்துக் காம்பரா இராக்கம்மா அக்கா ரொட்டி கொண்டுவந்தால், "உப்பே இல்லியேடி, உன் புருசன் எப்படித்தான் திங்கிறானோ" என்று சொல்லிக்கொண்டே இரண்டைச் சாப்பிடுவார்.

மூன்றாம் மாதம் அழுகை நின்றது. அன்று நான் அனுப்பிய செய்தி உங்கள் போனில் இன்னும் இருக்கும்: 'மாமி தேறிட்டாங்க.' லயத்துச் சனமே அப்படித்தான் சொன்னது. பாதரும் சந்தோஷப்பட்டார். மாமி தேறவில்லை, அத்தான். பல்செட்டைப் பற்றிய பேச்சு போய்விட்டது. ரொட்டியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். பிள்ளை மடியில் ஏறினால் இறக்கிவிடவும் மாட்டார், பிடித்துக்கொள்ளவும் மாட்டார். சட்டையெல்லாம் தோளிலிருந்து வழிகிற அளவுக்கு இளைத்துவிட்டார். டிஸ்பென்சரியில் காட்டினோம். இரத்தம், சீனி எல்லாம் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. பதுளையில் மனநல கிளினிக்குக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். இது வரைக்கும் உங்களுக்குத் தெரியும். 'டொக்டர் வெறும் கவலைதான்னு சொல்லிட்டாங்க' என்று நான் சொன்னதும் தெரியும். அந்த அறைக்குள் நடந்ததுதான் தெரியாது.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. தமிழ் தெரியாது. மாமிக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். நடுவில் நான் உட்கார்ந்தேன். "எங்க ஜெசிந்தினி காலேஜ்ல படிச்சவ, சிங்களம் தண்ணிபட்ட பாடு" என்று எல்லோரிடமும் சொல்வீர்களே, அந்த நான்தான். தூக்கம், சாப்பாடு பற்றிக் கேட்டார், சரியாகவே சொன்னேன். பிறகு, வாழ வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். மாமி தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவரு கத்துனாரு, நான் ஓடிட்டேன். ஓடுனவளுக்கு எதுக்குச் சோறு? மாதா என்னய எடுத்துக்கிட்டா புள்ளைங்களுக்குப் பாரம் கொறையும். எடுக்கலன்னா நானே போயிருவேன்."

டொக்டரிடம் நான் சிங்களத்தில் சொன்னது இவ்வளவுதான்: கணவருடைய நினைவாகவே இருக்கிறாராம்.

டொக்டர் எழுதிக்கொண்டார். இத்தனை வருடம் கூட இருந்தவர் போனால் ஏழு மாதம் பெரிய காலமில்லை, துக்கம் நோயல்ல, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். என் வாயிலிருந்து வந்ததற்கு அது சரியான பதில்தான். மாமி ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தார். தான் அவ்வளவு நீளமாகச் சொன்னது இவ்வளவு சின்னதாக முடிந்துபோனதை அறிய சிங்களம் தெரிய வேண்டுமா என்ன?

ஏன் அப்படிச் செய்தேன்? வெட்கம் என்று சொல்லலாம். மாமி நினைப்பது பாவம், அதை என் வாயால் சொல்வதா என்ற பயம் என்றும் சொல்லலாம். "அந்தக் கிளினிக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா அசிங்கம்" என்று நீங்களும் சொல்லியிருந்தீர்கள். ஆனால் உங்கள் மேல் போட மாட்டேன். அந்த நிமிடம் எனக்குள் ஓடியது வேறு. மாமியை வார்டில் நிறுத்திவிட்டால் நாளைக்குப் பிள்ளையை யார் பார்ப்பது? எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து இது இரண்டாம் தவணைதானே? அதைத்தான் நினைத்தேன், அத்தான். சாகப் போகிறேன் என்றவரிடமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஐந்து கிழமை பள்ளிக்கூடம் போய் வந்தேன்.

போன புதன்கிழமை வீட்டுக்கு வந்தபோது கட்டிலில் ஒரு பை இருந்தது. அடையாள அட்டை, மரண உதவிச் சங்கப் புத்தகம், நீங்கள் ஈஸ்டருக்கு எடுத்துக் கொடுத்த வெள்ளைச் சேலை. "எல்லாத்தயும் ஒரே எடத்துல வச்சிருக்கேன் புள்ள. நீ தேடி அலைய வேணாம்" என்றார், சந்தைக்குப் புறப்படுகிறவர் மாதிரி.

மறுநாள் பஸ்ஸில் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பதுளைக்குப் போனேன். டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அன்று விழுங்கியதையும் சேர்த்து. அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தமிழ் பேசும் நஸ்லியா என்ற தாதியைக் கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மாமியின் குரல் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. ஐந்து மாதமாக என்னிடம் அவர் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு டொக்டர் விளக்கினார். துக்கம் வந்து வந்து போகும், நடுவில் பசிக்கும், சிரிப்பும் வரும், போனவருக்காகத்தான் அழுவார்கள். இந்த நோய் பிடித்தால் ஒன்றிலும் ருசி இருக்காது, தன்னையே ஒன்றுக்கும் உதவாதவர் என்று வெறுப்பார்கள். துக்கத்துக்குக் காரணம் இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று ஆகாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். "மாதத்தை எண்ணி மட்டும் சொல்ல முடியாது, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் அன்று கேட்டேன்" என்றார்.

வார்டில் வைக்கத்தான் நினைத்தார். மாமி கெஞ்சியதால் ஒரு கிழமை வீட்டில் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒரு நிமிடமும் தனியாக விடக்கூடாது. மாத்திரை என் பொறுப்பில் இருக்கிறது. அது வேலை செய்யச் சில கிழமை ஆகுமாம். பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அதிபர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும். வியாழக்கிழமை மறுபடி கிளினிக். வார்டில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். ஊர் என்ன சொன்னாலும் நீங்கள் தடுக்காதீர்கள்.

கடிதம் கிடைத்ததும் மாமியிடம் பேசுங்கள். "அழாதீங்கம்மா, தைரியமா இருங்க" என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஓடியதைப் பற்றி அவரே சொல்வார். குறுக்கே பேசாமல் முடிக்கும்வரை கேளுங்கள். குளவி கொட்டிய அன்று அடுத்த நிரையில் கொழுந்து எடுத்தவர் இராக்கம்மா அக்கா. மாமா கத்தியது "ஓடு புள்ள, நிக்காத" என்றுதானாம். எத்தனை தடவை சொல்லியும் மாமி நம்பவில்லை. மருந்து செய்வதை வார்த்தை செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மகன் வாயால் ஒரு தடவை கேட்கட்டும்: "நீங்க ஓடுனது சரிதாம்மா."

அதற்குப் பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றும் சொல்லாமல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

வெயிலில் வேலை செய்கிறீர்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்,
ஜெசிந்தினி